குமுளிக்கு ஒரு டிஜிட்டல் கேமரா: நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

குமுளி, 2001

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கும் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

போன மாத ஹர்த்தால் படம் ஏன் வரவில்லை என்று செய்தி டெஸ்க்கிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்கள். போனில் சொன்னதையே இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பந்த் கூடாது என்று 1997-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து அதே கடையடைப்புக்கு ஹர்த்தால் என்று பெயர். போன மாத ஹர்த்தால் அன்று கம்பம், கூடலூரிலிருந்து கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போன பெண்களை ஜீப்போடு குமுளி எல்லைச் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். ரோட்டோரமே தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ஏழரை மணி, நல்ல வெளிச்சம், எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் பாடு. குமுளியில் ஃபிலிம் கழுவ லேப் இல்லை, ஹர்த்தாலால் பஸ்ஸும் இல்லை. கம்பத்தில் கழுவினாலும் பிரின்ட் போக வேண்டியது பஸ்ஸில்தான். டிவிஎஸ் 50-ல் மலையிறங்கி, லோயர் கேம்ப்பில் மதுரை பஸ் கண்டக்டரிடம் ஃபிலிம் ரோல் கவரையும் டீக்காசு 10 ரூபாயையும் கொடுத்தேன். கவரில் சிவப்பு மையில் 'அவசரம்'. மதுரையில் வாங்க வேண்டிய பையன் வரவில்லை. மறுநாள் அதே கண்டக்டர் கவரை என்னிடமே நீட்டினார்: "அண்ணே, யாரும் வரல." நம் பேப்பரில் அன்று வந்தது முல்லைப் பெரியாறு அணையின் கோப்புப் படம். ஹர்த்தாலுக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம் என்று டீக்கடையில் என்னைத்தான் கேட்கிறார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு டிஜிட்டல் கேமரா. எனக்கென்று கூட வேண்டாம், கம்பம், தேனி நண்பர்களோடு மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம்.

தரம் போதாது என்பீர்கள். 1991-ல் கோடாக் நிறுவனம் டிஜிட்டல் கருவியை நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமராவில் பொருத்திக் கொண்டுவந்தபோது, படத்தைச் சேமிக்கத் தோளில் தனிப்பெட்டி தொங்க வேண்டியிருந்தது. விலை கார் விலை. அந்தக் காலம் போய்விட்டது. 1999-ல் வந்த நிக்கான் டி1 டிஜிட்டல் கேமராவில் 27 லட்சம் பிக்சல். நம் நியூஸ்பிரின்ட்டில் நான்கைந்து பத்தி அகலப் படத்துக்குத் தாராளமாகத் தாங்கும். அதன் விலை கட்டுப்படியாகாது, சரி. கம்ப்யூட்டர் ஃபிளாப்பி டிஸ்க்கில் படத்தைச் சேமிக்கும் சோனி மாவிகா கேமரா போதும். 640-க்கு 480 பிக்சல்தான், பெரிதாகப் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் இரண்டு பத்திக்கு என்ன குறை? நம் பேப்பரில் என் படத்துக்கு எப்போது மூன்று பத்தி கிடைத்தது? ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பம் இன்டர்நெட் சென்டருக்குப் போனால், டீ ஆறுவதற்குள் படம் உங்கள் மேஜையில் இருக்கும்.

வெயிலில் வெள்ளை வேட்டி வெளிறிப்போகும், பேட்டரி சட்டென்று தீரும், அதெல்லாம் உண்மை. கல்யாண ஆல்பத்துக்கு இப்போதும் ஃபிலிம்தான். ஆனால் நாளைக் காலைப் பேப்பருக்கு, பஸ்ஸில் போகும் நல்ல படத்தைவிடப் போய்ச் சேர்ந்த சுமாரான படம் மேல்.

தலைமை அலுவலக வரவேற்பறைக்குப் புது சோபா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. உட்கார வரும்போது பார்க்கிறேன். கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொண்டு, குமுளிக்கு ஒரு டிஜிட்டல் கேமரா தர ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ரோல் இன்னும் கழுவாமல் என்னிடம்தான் இருக்கிறது. கழுவுகிற காசை பில்லில் சேர்க்கலாமா என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
குமுளி எல்லைப் பகுதி நேரப் புகைப்படக்காரன்