மாத்திரைக் கவரில் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு,

மழைக்கால மஞ்சள் காமாலை பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். குடிநீரில் சாக்கடை கலந்தால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள் பரவும், காய்ச்சிக் குடியுங்கள் என்பதெல்லாம் சரிதான். ஆனால் கண் மஞ்சளித்தாலே தண்ணீர் மேல் பழி போடுகிற வழக்கத்தால் எங்கள் வீட்டில் பத்து நாள் வீணாகப் போனது.

வியாசர்பாடியில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன கார்த்திகையில் காமாலை. லாரித் தண்ணீர்தான் காரணம் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம்; சாப்பாடு உப்பில்லாத கஞ்சி. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்து, வாந்தியும் நிற்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் ஏ, பி, சி, இ எந்த வைரஸும் இல்லை. “ஒரு மாசமா என்னென்ன மாத்திரை போட்டீங்க? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டர்.

அண்ணி முறுக்கு டப்பாவோடு கொண்டுவந்து கவிழ்த்தார். முழங்கால் வலிக்கும் சளிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கியவை, அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டு, நாலு மாத்திரையாக வெட்டிய 11 துண்டுகள். மூன்றில்தான் பெயர் முழுசாக இருந்தது. ஒன்றில் பாராசிட்டமாலின் வால் மட்டும்: ‘மால் 650’. கவரில் 1-0-1 (காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று) என்று பேனாவால் எழுதியிருந்தது, அவ்வளவுதான். ஒரு வெள்ளை மாத்திரையை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு அண்ணன் மெல்லத் தேறினார்.

மாத்திரையும் ஈரலைப் பாதித்துக் காமாலை வரவைக்கும். பெரியவர்களுக்கே பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 650 ஆறு போட்டால் 3,900 ஆகிவிடும். குடிப்பவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் அதுவே அதிகம். பல சளி மாத்திரைகளுக்குள்ளும் அதே மருந்து இருக்கிறது. பெயர் தெரியாதவர் எப்படிக் கணக்குப் பார்ப்பார்? காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். அவர்கள் கண் மஞ்சளித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி-க்கு அது பலன் தருவதாக 1988-இல் சென்னை ஆய்வாளர்களே ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும், பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும்.

ஒரு அட்டை முழுக்க வாங்கக் காசில்லாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் வெட்டித் தருவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். 1-0-1 எழுதுகிற அதே பேனாவால் மருந்தின் பெயரையும் அளவையும் கவரில் எழுதித் தர வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளுக்கு உத்தரவு போடட்டும்.

– ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை-11