எலிக்குச் சரி, மனிதருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'மார்பகப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணமா?' என்ற தலைப்பில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உள்ளே எழுதியிருப்பதில் பெரிய பிழை இல்லை. கோளாறு தலைப்பில்தான், கேள்விக்குறியை யார் கவனிக்கிறார்கள்? என் தங்கை இந்த நோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். கட்டுரை வந்த கையோடு அவளுடைய நாத்தனார் அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கைக்குழந்தைக்காரியான இன்னொரு உறவுப் பெண், தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா என்று எனக்கு போன் செய்கிறாள்.

அவளைப் பயமுறுத்தியது கட்டுரையில் இருந்த எலிக் கதை. அது உண்மைதான். புற்று அதிகம் வரும் எலி இனத்தின் குட்டிகளை, புற்று அரிதாக வரும் இனத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார் அமெரிக்க ஆய்வாளர் ஜான் பிட்னர். நோய் வெகுவாகக் குறைந்தது. இது 1936-இல் வெளிவந்தது. பாலில் இருந்தது வைரஸ் என்பது பிற்பாடு உறுதியானது. 1995-இல் நியூயார்க்கில் பியாட்ரிஸ் போகோவின் குழு, அந்த வைரஸை ஒத்த மரபணுத் துண்டைப் பெண்களின் மார்பகக் கட்டிகளில் சுமார் 38 சதவீதத்தில் கண்டது. நோயில்லாத திசுவில் அது மிக அரிது. அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு தேடியவர்களில் சிலருக்குத்தான் அது கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவே இல்லை.

ஏன் இப்படி? நான் ஆய்வகத்தில் பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனையை ஓட்டிப் பிழைத்தவள். ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் நோயாளியின் மாதிரி எதையும் விடாமல் வெறும் தண்ணீரை விடுவோம். அதிலும் 'பாசிட்டிவ்' காட்டினால் அன்றைய ஓட்டம் மொத்தமும் குப்பைக்கு. துளியூண்டு டிஎன்ஏவைக் கோடிக்கணக்கில் பெருக்கும் பரிசோதனை இது; எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்ததையும் சேர்த்தே பெருக்கும். ஆய்வகத்தில் புழங்கும் சில பொருள்களே எலியிலிருந்து தயாரானவை. எலி வைரஸைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி.

சரி, வைரஸ் நிஜமாகவே கட்டிக்குள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, எப்ஸ்டீன்-பார் என்றொரு வைரஸ் உலகில் பத்தில் ஒன்பது பெரியவர்களுக்கும் மேல் உண்டு. அது குடியிருப்பது நம் நோய் எதிர்ப்புச் செல்களில். அந்தச் செல்கள் கட்டிக்குள்ளும் போகும். அங்கே அது அகப்பட்டால் குற்றவாளி என்று சொல்லிவிட முடியுமா? கருப்பை வாய்ப் புற்றில் எச்பிவி என்ற வைரஸ் அநேகமாக எல்லாக் கட்டிகளிலும் இருக்கிறது, தடுப்பூசி போட்டால் நோயே குறைகிறது. மார்பகத்தில் எந்த வைரஸும் அந்த அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை. அப்புறம், நிரூபணமானாலும் தட்டு டம்ளரில் புற்று ஒட்டாது. எச்பிவியால் வரும் புற்றும் அப்படி ஒட்டுவதில்லையே.

தாய்ப்பால் விஷயத்தில் கணக்கு நேர்மாறு. 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான முடிவின்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாய்க்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. இந்த ஒரு வரி கட்டுரையில் இருந்திருந்தால் எனக்கு அந்த போன் வந்திருக்காது.

அடுத்த முறை இதுபோல் ஆய்வுச் செய்தி போடும்போது, எத்தனை கட்டிகளில் தேடினார்கள், நோயில்லாத திசுவிலும் தேடினார்களா, வேறு ஆய்வகம் எதற்காவது அதே முடிவு கிடைத்ததா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன் ஒருவர்