ஆறு சுழி, இரண்டு புள்ளி

மேற்கு மாம்பலம்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அல்வாப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாயா, ஒரு மூலை முழுக்க நெய் ஏறி, பின்பக்கத்து எழுத்தும் முன்பக்கம் தெரிந்தது. ‘அத்தைக்குக் கண்ணில் லென்ஸ் வைத்த மறுநாளே கல்யாணப் பத்திரிகை ஐந்நூறு அடித்தார்’ என்று வாசித்துவிட்டு அரை நிமிஷம் மலைத்துப் போனேன். எண்பத்திரண்டு வயசில் ஸ்கிரீன் பிரிண்டிங்கா என்று! அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்தான் அடித்தது உன் வீட்டுக்காரர் என்று புரிந்தது. அத்தைக்கு இப்போது பார்வை தெளிவா? காரணத்தோடுதான் கேட்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் பேசுகிறது. சின்னவள் வேலை மாறிப் புனேவுக்குப் போய்விட்டாள், வாரம் ஒரு தடவை போனில் சாம்பார் கேட்கிறாள்.

‘இந்தக் காலத்தில் எழுத்துப் போட எவன்டி காசு கொடுக்கிறான்’ என்று கேட்டிருந்தாய். ஒருத்தி கொடுக்கிறாள். முப்பத்தோரு வயசு, துணிக்கடை விளம்பரங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த பெண். தமிழில் ஃபேஷனுக்கென்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கப் போகிறாள். அட்டையில் வரும் பெயரெழுத்தை நான் போட வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது, டைட்டில் பதிவு இன்னும் வரவில்லை. ஆனால் உன்னிடம் ஒளித்து என்ன. நாலெழுத்து. நடுவில் மூன்றுசுழி ண இரண்டு, அதில் முதலாவது புள்ளி வைத்தது. கடைசி எழுத்து ம், அதற்கும் ஒரு புள்ளி. முதல் எழுத்தை நீயே போட்டுக்கொள். ‘கிண்ணம்’ இல்லை.

முதல் நாள் அவள் ஒரு கட்டு வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள். வோக், ஹார்ப்பர்ஸ் பஜார், எல்லாம் அதே ஜாதி எழுத்துதான்: நிற்கிற கோடு தூண் மாதிரி, படுக்கிற கோடு மயிரிழை. “மேம், தமிழ்ல இது வேணும்” என்றாள். நமக்கு லெட்டரிங் வகுப்பில் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் டிடோ என்கிற அச்செழுத்துக் குடும்பமும் இத்தாலியில் பார்மாவில் பொடோனியும் வெட்டிய எழுத்து. கூர் நிப்பை அழுத்தி இறக்கினால் நிப் விரிந்து பருமன் விழும், பக்கவாட்டில் இழுத்தால் இழைதான் வரும். அந்தக் கை அசைவைத்தான் ஈயத்தில் பிடித்தார்கள். நாம் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டே போஸ்டர் கலரில் ‘க’ எழுதிக்கொண்டிருந்தோம், இருநூறு தடவை.

அவள் ஆசை தப்பில்லை. அந்த இழையில் ஒரு திமிர் இருக்கத்தான் செய்கிறது. 1992இல் கலை இயக்குநர் ஃபேபியன் பாரோன் ஹார்ப்பர்ஸ் பஜாரைப் புதுப்பித்தபோது, அதற்காக எழுத்து வடிவமைக்கிற ஜோனத்தன் ஹோஃப்லர் டிடோ பாணியில் ஓர் எழுத்து வரைந்தார். ஒரே வரைவைப் பெருக்கிக் குறுக்கிப் பயன்படுத்துகிற வேலையில்லை அது. எழுத்தளவில் 6 பாயிண்டிலிருந்து 96 பாயிண்ட் வரை ஏழு அளவுக்கு ஏழு வரைவு, எந்த அளவில் அச்சானாலும் இழை இழையாகவே நிற்க வேண்டும் என்று. இழைக்கு அவ்வளவு சீராட்டு.

சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று பட்டர் பேப்பரை விரித்தேன். நிற்கிற கோடுகளுக்கெல்லாம் சதை போட்டேன், படுக்கிற கோடுகளை இழையாக்கினேன். முதல் எழுத்து அழகாக வந்தது. ‘ம’ கேட்கவே வேண்டாம், சட்டைக்குக் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக நின்றது. இரண்டு ‘ண’வும் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் கெட்டது. சுழி, இறக்கம், சுழி, இறக்கம் என்று ஒரே எழுத்துக்குள் எத்தனை கோடு நின்றுகொண்டிருக்கிறது பார். அத்தனைக்கும் பருமன் கொடுத்தால் உள்ளே வெள்ளைக்கு இடமேது? எட்டிப் பார்த்தால் இரும்பு கேட். வெள்ளையை மீட்கலாம் என்று எழுத்தை அகட்டினால் பக்கம் போதவில்லை. அட்டை 21 சென்டிமீட்டர் அகலம், ஓரம் விட்டால் 19. அதற்குள் நாலெழுத்தையும் படுக்க வைத்தால் உயரம் மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டமாட்டேன் என்கிறது. வோக் காரர்களுக்கு ஐந்தெழுத்து, ஆனால் ஐந்தும் ஒல்லிப் பிச்சான்.

அதையும் சிவகாசிக்கு அனுப்பி ஒரு ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, போட்டோம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. நாலு கலர் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது அவை பொருந்துகிற ரிஜிஸ்டர் ஒரு மயிரளவு விலகினாலும் போச்சு, அந்த இழை அடைந்துபோகிறது. கலரில் பார்த்தால் ‘ம’வின் அடிக்கோட்டைக் காணோம், இரண்டு குச்சி மட்டும் தனியாக நிற்கிறது. அச்சுக்காரர் மேல் குறையில்லை, அந்தக் கோடு அவ்வளவுதான் தாங்கும்.

அப்புறம் எனக்கே ஒரு சபலம். இரண்டு ‘ண’வையும் ஒட்டவைத்து, நடுவில் ஒரு கோட்டைப் பொதுவாக்கிவிட்டால் இடம் மிச்சம்தானே? அமெரிக்க வடிவமைப்பாளர் ஹெர்ப் லூபாலின் 1968இல் ‘அவான் கார்ட்’ பத்திரிகைக்குச் செய்தது மாதிரி. ஏ, வி இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து பூட்டுப் போட்டுக்கொண்டிருக்குமே, அது. இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். ஒட்டியது, நன்றாகத்தான் ஒட்டியது. காலையில் பால்காரப் பெண்ணிடம் காட்டி “என்னம்மா எழுதியிருக்கு?” என்றேன். அவள் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு, “கோலமாக்கா?” என்றாள். கிழித்துப் போட்டேன்.

ஆசிரியப் பெண்ணிடம் வாதாடியும் பார்த்தேன். 1892இல் தொடங்கிய வோக், ஒரு காலத்தில் பல வருஷம் தன் பெயரை அட்டை ஓவியர் கைக்கே விட்டிருந்தது. ஒரு இதழில் லெபாப் எழுதியிருப்பார், இன்னொன்றில் பெனிட்டோ, ஒன்று போல ஒன்று இருக்காது. பஜாரோ 1929 வரை தன் பெயரிலேயே ஒரு ‘ஏ’ குறைவாக எழுதிக்கொண்டிருந்தது. ‘நீயும் அவசரப்படாதே, மாதம் ஒரு எழுத்துப் போட்டுப் பார்ப்போம்’ என்றேன். அவள் சொன்ன பதில் இது: “மேம், அவங்களுக்கு நூறு வருஷம் இருந்துச்சு. எனக்கு ஆறு இதழுக்குத்தான் காசு இருக்கு.” அதற்குமேல் நான் என்ன பேச.

போன மாதம் ஒரு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க, தெருக்கோடி டெய்லர் கடைக்குப் போனேன். கூட்டம், ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவர் என் துணியின் உள்பக்கத்தில் அளவு எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சாக் உனக்குத் தெரியும், முக்கோணமாக, ஓரம் மட்டும் கத்தி மாதிரி சீவின நீலச் சாக். அவர் விரலைத் திருப்பவேயில்லை. சாக்கின் ஓரத்தை நெட்டுக்குத்தலாகவே பிடித்துக்கொண்டு கையை மட்டும் ஓட்டுகிறார். மேலிருந்து கீழே இழுத்தால் ஓரம் தன் வழியிலேயே போய் இழைக்கோடு. பக்கவாட்டில் இழுத்தால் முழு ஓரமும் துணியில் தேய்ந்து பட்டையான கோடு. ‘கை’, ‘மார்பு’, ‘கழுத்து’ என்று எழுதி, கீழே என் பெயர். கல்யாணி என்பதில் மூன்றுசுழி ‘ணி’. தெளிவாக, ஒவ்வொரு சுழிக்குள்ளும் துணி தெரிய, காற்றோட்டமாக இருந்தது அது.

கோமதி, முப்பது வருஷமாக எழுத்துப் போடுகிறேன், எனக்கு இது உறைக்கவில்லை பார். நான் பருமனைத் தப்பான பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ‘ண’வில் நெரிசல் எல்லாம் நிற்கிற கோடுகளில்தான். அவை ஒல்லியாக இருக்க வேண்டியவை. சதை போகவேண்டிய இடம் மேல் வளைவும் அடியும். அப்படிச் செய்தால் எழுத்தின் அகலமும் குறைகிறது, வெள்ளையும் பிழைக்கிறது. ஹீப்ரு எழுத்தில்கூடப் படுக்கைக் கோடுதானே பருமன், படித்தோமே, எங்கே புத்திக்குப் போனது! நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் ஒரே கனத்தில் கீறி வளர்ந்தது. அதற்கு எந்தப் பக்கம் சதை போடவேண்டும் என்று அந்த எழுத்தாணி நமக்குச் சொல்லிவைக்கவில்லை. ஈய எழுத்து வந்தபிறகு வெள்ளைக்காரன் பழக்கத்தில் போட்டோம், நானும் போட்டேன்.

டெய்லரிடம் ஒரு துண்டு சாக் கேட்டேன். “அம்மா வீட்லயே தைக்கப் போறீங்களா?” என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். மூன்று நாள் கறுப்புக் காடாத் துணியில் எழுதினேன். மேஜை, புடவை, மூக்குக் கண்ணாடி எல்லாம் நீலப் பொடி. துணியில் எழுதும்போது இன்னொன்றும் வந்தது, நான் கேட்காமலே. பட்டைக்கோடு முடிகிற இடத்தில் சாக் லேசாக எகிறி, முனை சாய்வாக வெட்டின மாதிரி நிற்கிறது. அந்தச் சாய்வை மட்டும் வைத்துக்கொண்டு, நெசவின் சொரசொரப்பை எல்லாம் தள்ளிவிட்டேன். சொரசொரப்பையும் வைத்திருந்தால் கைத்தறிக் கண்காட்சி பேனர் ஆகியிருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி, இழையை அச்சு தாங்குகிற அளவுக்குக் கனப்படுத்தினேன். இரண்டாவது ப்ரூஃப் சுத்தமாக வந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், தலை வந்தது. ஃபேஷன் பத்திரிகையில் மாடலின் தலை பெயருக்கு முன்னால் வரும், பெயர் பின்னால் ஒளியும். ‘ஜி’யும் ‘ஓ’வும் பாதி மறைந்தாலும் வோக் வோக்தான். நமக்கு அப்படியா? தலை நடுவில், ண்ண-வும் நடுவில். கொண்டை போட்ட பெண்ணை வைத்து டம்மி செய்தால் முதல் ‘ண்’ மேல் இருந்த புள்ளி கொண்டைக்குள் போய்விட்டது. இது பரவாயில்லை. அவள் தலையில் வைத்த ஒற்றை மல்லிகை மொட்டு, சரியாக இரண்டாவது ‘ண’வின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது! புள்ளி ஓர் எழுத்து தள்ளி விழுந்து, பெயரை வாசித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நான் சிரித்துச் சிரித்து, ஆசிரியப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஓலையில் புள்ளியே வைக்கமாட்டாங்கம்மா, ஓலை கிழிஞ்சிடும்னு. அப்பவும் படிச்சாங்களே” என்று சமாதானம் சொன்னேன். “ஓலை படிச்சவங்க புலவருங்க மேம். என் வாசகி பஸ் ஸ்டாண்டு கடையில கிளிப் மாட்டித் தொங்குறதைப் பார்க்குறா” என்றாள். கெட்டிக்காரி. அன்றைக்குச் சாயங்காலமே தி. நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். கயிற்றில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்திரிகைகள், பாதிக்கு இடது மூலைதான் தெரிகிறது. நடுவெழுத்துக்கு இத்தனை நாள் மாரடித்ததற்கு முதல் எழுத்தை அல்லவா முதலில் கவனித்திருக்க வேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து அதன் வளைவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

புள்ளிக்கு வழி அவள்தான் கண்டுபிடித்தாள். எழுத்துகள் தலைக்குப் பின்னால் போகட்டும், புள்ளி மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே அச்சாகட்டும் என்றாள். புள்ளியை நான் வட்டமாக வைக்கவில்லை. சாக்கை ஒரு தட்டுத் தட்டி எடுத்தால் விழுமே, சின்னச் சாய்சதுரம், அதுதான். படத்தின்மேல் போட்டுப் பார்த்தால் அது நேராகப் போய் மாடலின் நெற்றியில் விழுந்தது. பொட்டு! அவள் கைதட்டிக் குதித்துவிட்டாள். எனக்குத்தான் ஒட்டவில்லை. முதல் இதழில் எல்லோரும் ‘ஆகா’ என்பார்கள். மூன்றாவது இதழில் அந்தப் புள்ளிக்காகவே மாடலின் தலையைத் தேடித் தேடி நிறுத்துவார்கள். அட்டையில் ஓர் ஆம்பளைப் பையன் வந்தால் என்ன செய்வாள்? புள்ளி தலைமுடியில் விழட்டும், தோளில் விழட்டும், விழுகிற இடத்தில் விழட்டும், நெற்றிக்கென்று குறிவைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவள் ‘ம்’ என்றாள். கேட்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

இப்போது அத்தை விஷயம். இதோடு இரண்டு ப்ரூஃப் மடித்து வைத்திருக்கிறேன், ஒன்று தலை இல்லாமல், ஒன்று தலையோடு. தலையோடு இருப்பதை முதலில் எடு. கடை ஷட்டரில் ஒட்டிவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் அத்தையை நாற்காலி போட்டு உட்காரவைத்து வாசிக்கச் சொல். நீ எடுத்துக்கொடுக்கக் கூடாது. முதலில் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுது, தப்பாக இருந்தாலும். ‘கிண்ணம்’ என்றாலும் எழுது.

கவரில் நீலமாக ஏதாவது கொட்டினால் பயப்படாதே. சாக் ஒரு துண்டு போட்டிருக்கிறேன், நீயும் எழுதிப் பார்.

உன்
கல்யாணி