அந்தத் தகப்பன் கேட்ட கேள்வி

கண்டி

அன்புள்ள ராஜி,

பொகவந்தலாவையில் மழை என்றால் உன் போன் பாதியில் செத்துப்போகும், தெரிந்ததுதானே. நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

"சதை எடுத்துப் பார்க்காமலே புற்றுநோய் என்கிறார்களே, பிள்ளையின் கண்ணை எடுக்க எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்று அந்தப் பிள்ளையின் தகப்பன் கேட்டதாகச் சொன்னாயே, நியாயமான கேள்வி. வேறு கட்டி என்றால் லெப் முடிவு வரட்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமாவில், அதாவது சின்னப் பிள்ளைகளின் விழித்திரையில் வரும் இந்தப் புற்றுநோயில், சதை எடுக்க ஊசி குத்தக் கூடாது, ராஜி. குத்திய துளை வழியாகவே நோய் கண்ணுக்கு வெளியே பரவலாம். கண்பாப்பாவில் தெரியும் வெள்ளை, மயக்கம் கொடுத்துச் செய்யும் பரிசோதனை, ஸ்கேனில் தெரியும் சுண்ணாம்புப் படிவு, இவற்றை வைத்தே கண் டொக்டர்கள் முடிவெடுக்கிறார்கள். சின்னக் கட்டிக்கு மருந்தும் லேசரும் உண்டு. கண் முழுக்க நிறைந்து பார்வையும் போய்விட்டது என்கிறாயே, அப்படியென்றால் எடுப்பதுதான் உயிருக்கு வழி. மாறுகண், தானாகச் சரியாகும் என்று முதலில் சொல்லி அனுப்பியவரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எடுத்த கண்ணை வீசிவிடுவார்கள் என்று லயத்தில் யார் கதை கட்டியது? லெப்பில் எங்கள் வேலையே அதற்குப் பிறகுதான். ஃபோர்மலினில் ஊறவைத்து, கண்ணைத் திறக்கும் முன்பே பார்வை நரம்பின் வெட்டுமுனையைத் தனியே எடுத்துவிடுவோம். இல்லாவிட்டால் உள்ளேயுள்ள செல்கள் அதில் ஒட்டி, நோய் நரம்புக்குப் போய்விட்டதாகப் பொய் காட்டும். நரம்பு முனையில் நோய் இல்லாமல் சுத்தமா, விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்ப் படலத்துக்குள் நோய் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ புகுந்திருக்கிறதா என்று தேடுவோம். மேற்கொண்டு கீமோதெரபி வேண்டுமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. சில ஸ்லைடுகளில் செல்கள் நடுவில் வெறுமை விட்டுப் பூச்சரம்போல வட்டமாக நிற்கும். பிள்ளையைக் கொல்ல வந்தது ஏன் இத்தனை அழகாக இருக்க வேண்டும் என்று கோபம்தான் வரும்.

நல்ல சிகிச்சை நேரத்தோடு கிடைக்கும் நாடுகளில் 100 பிள்ளைகளில் 95க்கு மேல் பிழைக்கிறார்கள். இதைத் தகப்பனிடம் இரண்டு தரம் சொல்.

இன்னொன்று. கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது என்றாயே, அதையும் தூக்கிவரச் சொல். இது சிலவேளை ஆர்.பி.1 மரபணு வழியாகக் குடும்பத்தில் வரும், அந்தக் குழந்தையின் இரண்டு கண்களையும் பார்த்தே ஆக வேண்டும். பஸ் காசை நானும் மணியமும் பார்த்துக்கொள்கிறோம். தாயைத் தனியாக அனுப்பாதே, நீயும் லீவு போட்டுவிட்டு வா. என் அறையில் படுத்துக்கொள்ளலாம்.

உன்
வசந்தா