டையோடு கடைசித் துண்டையும் அனுப்புங்கள்

எங்கள் டூல் ரூமின் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு பிளாங்கிங் டை (தகட்டிலிருந்து துண்டு வெட்டியெடுக்கும் அச்சு) வேனில் வந்து இறங்கியது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "பர் வருது, சாணை பிடிக்கவும்." பர் என்றால் வெட்டிய விளிம்பில் துருத்தும் பிசிறு. பிரித்துப் பார்த்தால் பஞ்சின் (மேலிருந்து இறங்கி வெட்டும் பகுதி) விளிம்பு நகம் வழுக்கும் அளவுக்கு உருண்டுபோயிருந்தது. ஒரு மூலையில் சில்லும் பெயர்ந்திருந்தது. நேரத்தோடு வந்திருந்தால் 0.1 மி.மீ. எடுத்தாலே போதும். இதில் 0.6 எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த டையின் வாயில் நேராக இறங்கும் சுவர் 5 மி.மீ. ஆழம்தான். அதற்குக் கீழே வெட்டிய துண்டு விழுவதற்காகச் சரிவு கொடுத்திருக்கும். சாணை அந்தச் சரிவைத் தொட்டுவிட்டால் வாய் அகன்று கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் நடுவில் விடும் இடைவெளி) போய்விடும். ஆக, அந்த 5 மி.மீ.தான் டையின் ஆயுள். 0.1 ஆக எடுத்தால் ஏறக்குறைய 50 தடவை வரும், 0.6 ஆக எடுத்தால் 8 தடவைதான் வரும். அதனால்தான் பர் கையில் தட்டுப்பட ஆரம்பித்ததுமே அனுப்பச் சொல்கிறோம். எங்கள் வேலை குறையும்தான், ஆனால் உங்கள் டை பல வருஷம் ஓடும்.

அப்புறம் இன்னொரு வேண்டுகோள். கடைசியாக அடித்த பிளாங்க் (வெட்டிய துண்டு) ஒன்றையும் அது வெட்டுப்பட்ட ஸ்ட்ரிப்பையும் (மீதித் தகடு) டையோடு கட்டி அனுப்புங்கள். பிளாங்கில் பர் இருந்தால் பஞ்ச் மழுங்கியிருக்கிறது. ஸ்ட்ரிப்பில் துளையைச் சுற்றி இருந்தால் டை மழுங்கியிருக்கிறது. ஒரே பக்கம் மட்டும் பர் என்றால் சாணையே தீர்வில்லை: பஞ்ச் நகர்ந்திருக்கலாம், கைடு புஷ் (டையின் மேல் பாதியை நேராக இறக்கும் குழல்) தேய்ந்திருக்கலாம். 1 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஷீட்டுக்கு நாங்கள் விடும் கிளியரன்ஸ் பக்கத்துக்கு 0.05 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. புஷ் கொஞ்சம் ஆடினாலும் அது ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் அகன்றுவிடும். வெட்டு விளிம்பிலேயே இதைப் பார்க்கலாம். மூன்றில் ஒரு பங்கு பளபளப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் சரி. பளபளப்பு இரண்டு வரியாகத் தெரிந்தால் அந்த இடம் இறுக்கம்.

"ஒரு மணி நேரத்தில் முடியாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். அவசரம் புரிகிறது. ஆனால் 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் அளவு) கடினத்தில் இருக்கும் டி2 என்ற டூல் ஸ்டீலில் ஒரே மூச்சில் ஆழமாக எடுத்தால் சூடேறி மயிரிழை விரிசல் விழும். அது அன்று கண்ணுக்குத் தெரியாது, பிரஸ்ஸில் ஏறிய பிறகுதான் உடையும். கூலன்ட் விட்டு மெல்ல மெல்லத்தான் எடுக்கிறோம். முடித்ததும் காந்தம் நீக்குகிறோம், இல்லாவிட்டால் வெட்டிய துண்டு பஞ்சிலேயே ஒட்டி மேலே வரும். குறைந்த உயரத்துக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்கிறோம். புரோகிரசிவ் டையில் (ஒரே டையில் பல வேலைகள் வரிசையாக நடப்பது) வெட்டும் பஞ்ச் குறைந்தபின் வளைக்கும் பஞ்சின் உயரத்தையும் சரிபார்த்தாக வேண்டும், அதற்கு அரை நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

அனுப்பும்போது வெட்டு விளிம்புகளில் எண்ணெய் தடவி, நடுவில் மரக்கட்டை வைத்து மூடுங்கள். கடைசிச் சாணைக்குப் பிறகு எத்தனை அடி (ஸ்ட்ரோக்) ஓடியது என்று சீட்டில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டூல் ரூம், அம்பத்தூர்