நீ புக் பண்ண போட்ல போயிட்டு வந்தோம் கண்ணு

கண்ணும்மா,

ஃபோன்ல "எப்படிப்பா இருந்துச்சு"ன்னு கேட்ட, நானும் "நல்லா இருந்துச்சும்மா"ன்னு ஒரு வரில முடிச்சிட்டேன், வச்சப்புறம் மனசே கேக்கல. நீயும் மாப்பிள்ளையும் கடல் சுத்திப் பாக்கப் போகணும்னு ஆசையா போட்ட போட் டிக்கெட், வயித்துல புள்ளையோட அஞ்சாவது மாசத்துல இந்த ஆட்டம் வேணாம்னு எங்கள அனுப்பி வச்ச. அதான் ஒன்னு விடாம எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல் அரை மணி நேரம் உங்கம்மா பட்ட பாடு இருக்கே! கரைய தாண்டுனதும் அலை பக்கவாட்டுல அடிச்சுச்சு, அவ நேரா உள்ள போய் ஃபோன பாத்துட்டு உக்காந்துட்டா, அதான் தப்பு. காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் ஆடுறோம்னு சொல்லுது, கண்ணு பாக்கறது ஆடாம நிக்குது, ரெண்டும் ஒத்துப்போகலன்னா குமட்டத்தான் செய்யும். போட்ல வேலை பாக்கற தம்பி ஒருத்தர் வந்து அவள கைய புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்து நடு டெக்ல உக்கார வச்சாரு, அங்க தான் ஆட்டம் கம்மியாம், தூரத்துல கடலும் வானமும் சேர்ற எடத்த மட்டும் பாருங்கம்மான்னாரு. கொஞ்ச நேரத்துல முகம் தெளிஞ்சுச்சு. மாத்திரை போடறதுன்னா கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுடணும், நீங்க போறப்ப மறந்துடாத.

அப்புறம் மோட்டார மெதுவாக்கி பாறைங்க ஓரமா போனாங்க. பாறைல கோடு கிழிச்ச மாதிரி இருந்துச்சும்மா, மேல வெளுப்பு, கீழ கருகருன்னு சிப்பியும், கொட்டலசுன்னு பாறைல ஒட்டிக்கிட்டே வாழற சின்ன ஓட்டு உயிருங்களும் அப்பிக்கிட்டு. கடல் ஏத்தம் வந்தா தண்ணி அந்த கோடு வரைக்கும் வந்துடுமாம்.

மிதவைய புடிச்சு இழுத்து, நண்டு புடிக்க கடலுக்குள்ள போட்டு வச்சிருந்த கூண்ட மேல தூக்குனாங்க. உள்ள நாலு நண்டு, அதுல ஒன்னு வயித்துக்கு அடில ஆரஞ்சு கலர்ல பஞ்சு மாதிரி முட்டைய சுமந்துட்டு இருந்துச்சு, அத்தனையும் லட்சக்கணக்குல இருக்குமாம். உங்கம்மா "ஐயோ புள்ளத்தாச்சி, விட்டுருங்க தம்பி"ன்னா, அவரு அதுக்குள்ள குனிஞ்சு தண்ணிக்கிட்ட கொண்டு போயிட்டாரு, தூக்கிப் போடல, மெதுவா விட்டாரு. அத பாத்ததுல இருந்து உன் நெனப்பு தான் எனக்கு.

மத்தத வேகவச்சு கொடுத்தாங்க. அந்த சிவப்பு முன்னாடியே ஓட்டுல இருக்கறதாம், ஒரு புரதம் அத மறைச்சு வச்சிருக்கு, சூடு பட்டதும் விட்டுடுது. வெறும் உப்புத் தண்ணில வெந்தது தான், மசாலா ஒன்னும் இல்ல, ஆனா அந்த இனிப்பு இருக்கே, கடைல வாங்குற நண்டுல நான் பாத்ததே இல்ல.

சிப்பி பச்சையா கொடுத்தாங்க. சின்ன கத்திய மூட்டுல குத்தி ஒரு திருகு, டக்குன்னு தெறந்துச்சு, உள்ள இருக்கற தண்ணிய சிந்தாம அப்படியே நீட்டுனாரு. நான் ஒன்னு சாப்பிட்டேன், வாய் முழுக்க கடல் தான். ஆனா நீ இப்போ அத தொடவே கூடாது கண்ணு, யாரு கொடுத்தாலும் சரி. சிப்பி நாள் பூரா கடல் தண்ணிய வடிகட்டி தான் சாப்பிடுது, தண்ணில இருக்கற கிருமியும் அதுக்குள்ள சேர்ந்துடும், புதுசா இருக்கா வாசன வருதான்னு பாத்து கண்டுபிடிக்க முடியாது, எலுமிச்சம்பழம் புழிஞ்சாலும் சாகாது. நல்லா வெந்த மீன், இறால், நண்டு எல்லாம் தாராளமா சாப்பிடு, சுறா மாதிரி மத்த மீன திங்கற பெரிய மீனுங்க மட்டும் வேணாம், பாதரசம் ஜாஸ்தி. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோ.

திரும்பி வர்றப்ப நாலஞ்சு டால்ஃபின் முன்னாடி வந்து சேந்துச்சு, போட்டு தள்ளுற அலைலயே சவாரி பண்ணுது, வால கூட அசைக்காம. நான் வீடியோ எடுத்தேன், அனுப்பிருக்கேன். முக்கால்வாசி காத்து இரைச்சல் தான் கேக்கும், இருந்தாலும் சவுண்ட குறைக்காம பாரு. நடுவுல உங்கம்மா "இங்க பாரு இங்க பாரு"ன்னு உன் பேர சொல்லி கூப்பிடுவா, நீ பக்கத்துல நிக்கற மாதிரியே.

அன்புடன்,
அப்பா