பகலில் மூச்சை அடக்கும் மரம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், "தாவரங்கள் பகலில் ஒளித்தொகுப்புச் செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். பகல் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் மரம் எதுவும் உரும்பிராயில் இல்லை. உங்கள் அலுவலக வளவில் நின்றால் அறியத்தாருங்கள், வந்து பார்க்கிறேன்.

இலை இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளித்தொகுப்பு மேலோங்குவதால் அது வெளியே தெரிவதில்லை, தாங்கள் அறியாததல்ல. நெல், வெங்காயம், மிளகாய் போன்ற சி3 பயிர்களுக்கு, அதாவது பிடித்த காபனை முதலில் மூன்று காபன் உள்ள சேர்வையாக்கும் பயிர்களுக்கு, வெயிலில் இன்னொரு செலவும் உண்டு. றுபிஸ்கோ என்ற நொதியம் காபனீரொட்சைட்டைப் பிடிக்கவேண்டிய இடத்தில் ஒட்சிசனைப் பிடித்துவிட, சேர்த்த காபனில் ஏறத்தாழக் காற்பங்கு திரும்பக் காற்றோடு போய்விடும். இதுதான் ஒளிச்சுவாசம். சூடு ஏற ஏற இழப்பும் ஏறும். குரக்கன், இறுங்கு, சோளன் எல்லாம் சி4, முதலில் நாலு காபன் உள்ள சேர்வையை ஆக்குபவை. அவை காபனீரொட்சைட்டை உள்ளே றுபிஸ்கோவைச் சுற்றிச் செறியவைப்பதால் இந்த இழப்பு மிகச் சொற்பம். எங்கள் பிள்ளைகள் தோட்டத்தில் தினமும் காண்பவை இவை. உங்கள் பக்கத்தில் மட்டும் எல்லாம் ஒரே இலை.

கற்றாழை, அன்னாசி வகை இன்னும் வேறு. அவை இரவில் இலைவாயை, அதாவது இலையிலுள்ள நுண்துளைகளைத், திறந்து காபனீரொட்சைட்டை வாங்கி அமிலமாக வைத்திருந்து, பகலில் அதை ஒளித்தொகுப்புக்கு எடுத்து முடிக்கும். புத்தகத்துக்குள் வைத்தாலும் குட்டி போடுமே, ரணகள்ளி, அதுவும் இந்த வகைதான். அதன் இலையை விடியற்காலையில் நாக்கில் வைத்தால் நல்ல புளிப்பு, பின்னேரம் பார்த்தால் புளிப்பே இராது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்துகாட்டுவேன். சென்னையில் கும்பனி உத்தியோகத்தில் இருந்த பெஞ்சமின் ஹேன் இதை ஒரு கடிதத்தில் எழுத, 1815இல் இலண்டனில் அச்சிட்டார்கள். கடிதங்களை அச்சிடும் வழக்கம் அப்போது இருந்திருக்கிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் கற்றாழைப் படத்தின் கீழே 'அன்னாசி' என்று வந்தபோதும் எழுதினேன். அதற்கு முன் மாதிரி வினாத்தாளில் விடைகள் இடம்மாறி வந்தபோதும் எழுதினேன். ஒரு வரி பதில் இல்லை. இராசிபலனில் எழுத்துப்பிழை வந்தால் மட்டும் மறுநாளே 'வருந்துகிறோம்'. என் பேத்தி உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைத்து உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒட்டியதைக் கிழிக்கச் சொன்னால், "பேப்பரிலேயே கிடக்கு, அம்மம்மா" என்கிறாள்.

வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடம் காணாது என்றால் ஏதாவது ஒரு இராசியைச் சுருக்கலாம். என்னுடையது கன்னி, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
இளைப்பாறிய உயிரியல் ஆசிரியை,
உரும்பிராய்.